குழந்தையின் மூட்டழற்சியும் பெற்றோரின் பொறுமையும்

(விழாப் பேரவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்கள் நான்கு எனச் சமண மரபு வகுத்துள்ளது. ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்பன அவை. உணவோடு மருந்தும் ஒரு தானமாக எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பண்டைத் தமிழ்ச் சமணச் சான்றோர் தம் அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டினர். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரைக் காரியாசான் தம் நூலுக்கு வைத்தார், அது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரைக் கணிமேதாவியார் தம் நூலுக்கு வைத்தார், அது ஏலாதி. உடற்பிணியை மருந்து நீக்குதல் போல உயிர்ப்பிணியை அறம் நீக்கும் என்பது அப்பெயர்களின் உட்கிடை. மருந்தை இவ்வாறு மதித்த மரபில் வந்தோர் முன்னிலையில், ஒரு பிணியைப் பற்றியும் அதனைக் குழந்தையோடு சேர்ந்து சுமக்கும் பெற்றோரைப் பற்றியும் சில செய்திகள் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

மூட்டுவாதம் முதுமையின் நோய் என்பது பரவலான எண்ணம். பாட்டிக்கு வரும் மூட்டுவலி பேத்திக்கு எவ்வாறு வரும் என்று கேட்போர் பலர். ஆயினும் நடை பழகும் பருவத்திலேயே இந்நோய் தொடங்குவது உண்டு. பதினாறு வயது நிறைவதற்கு முன் ஒரு குழந்தையின் மூட்டில் அழற்சி தோன்றி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அதற்கு வேறு காரணம் எதுவும் காணப்படாதாயின், மருத்துவர்கள் அதனைச் சிறார் மூட்டழற்சி என்று பெயரிடுகின்றனர். இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் 1897ஆம் ஆண்டிலேயே இத்தகைய குழந்தைகள் 22 பேரைப் பற்றி விரிவாக எழுதி, இது முதியோர் நோயின் சிறு வடிவம் அன்று, தனித்த இயல்புடையது என்று காட்டினார். மேலை நாடுகளில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இது காணப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே, அரிதாயினும் கேள்விப்படாத நோய் அன்று.

நோயின் காரணம் எளிய சொற்களில் இது. கிருமிகளை எதிர்த்துப் போரிட வேண்டிய உடலின் காவற்படை, வழி தவறித் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோத்து மூட்டு வீங்குகிறது, நாள்பட நாள்படக் குருத்தெலும்பு தேய்கிறது. அம்மை போல் தொற்றிப் பரவுவதன்று. குளிர்ந்த நீரில் விளையாடியதாலோ தயிர் உண்டதாலோ வருவதும் அன்று. மரபணுச் சாயல் ஓரளவு உண்டு. ஆயினும் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ நேராக இறங்குவதாகக் கூறுதல் பொருந்தாது.

இந்நோய் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நுழைந்தால் என்ன நேரும் என்பதைக் காண மசினகுடியை எடுத்துக்கொள்ளலாம். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர் அது. உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கீழிறங்கினால் அவ்வூரை அடையலாம். கூடலூர் வழியாகச் சுற்றினால் தொலைவு இரண்டு மடங்குக்கும் மேல். மைசூர்ப் பக்கம் செல்வதாயின், பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. ஆம்புலன்ஸ் முதலிய அவசர ஊர்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் யானைகள் சாலையைக் கடக்கும். இத்தகைய ஊரில் வாழும் ஒரு தாயையும் அவளுடைய ஐந்து வயது மகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவள் எந்தச் சமயத்தவளாகவும் இருக்கலாம். எந்த மொழி பேசுபவளாகவும் இருக்கலாம். தமிழ்ச் சமணக் குடும்பங்களும் தொழில் கருதிப் பல ஊர்களுக்குச் சென்று வாழும் இக்காலத்தில், அத்தாயின் நிலை எவர்க்கும் அயலானதன்று.

அக்குழந்தை முதலில் வலி என்று சொல்வதில்லை. காலையில் எழுந்தவுடன் நடக்கத் தயங்குகிறாள். தூக்கிக்கொள்ளுமாறு கை நீட்டுகிறாள். ஒரு மணி நேரம் சென்றபின் ஓடியாடி விளையாடுகிறாள். வீட்டார் அதனைச் செல்லம் என்கின்றனர். பள்ளிக்குப் போக மனமில்லாத சாக்கு என்றும் கூறுகின்றனர். உண்மையில் அசைவின்றிக் கிடந்த மூட்டு இறுகிப் போதலும், அசைந்தபின் இளகுதலும் அழற்சியின் அடையாளங்கள். சிறு குழந்தைகள் வலியைச் சொல்லால் உணர்த்துவதைவிடச் செயலை விடுதலால் உணர்த்துவர். படியேற மறுத்தல், தரையில் சம்மணமிட்டு அமர மறுத்தல், பென்சிலைப் பிடிக்கும் விதம் மாறுதல், முன்பு தானே மாட்டிய பொத்தானை இப்போது அம்மாவிடம் நீட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சொல். ஒரு முழங்கால் மற்றதைவிடப் பருத்தும் சூடாகவும் இருத்தலைக் குளிப்பாட்டும் கைதான் முதலில் அறியும். ஆறு வாரம் நீடிக்கும் நொண்டல் எதுவாயினும் அது சுளுக்கு அன்று என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ளுதல் நன்று.

நோயின் வடிவங்கள் பல. நான்கு அல்லது அதற்குக் குறைந்த மூட்டுகளில் தொடங்குவது ஒன்று. சிறு பெண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது இது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகளில் பரவுவது மற்றொன்று. ஆறு வயதைக் கடந்த ஆண் பிள்ளைகளுக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் வலியோடு வருவது இன்னொன்று. இந்திய மருத்துவமனைகளில் இவ்வகை அடிக்கடி காணப்படுகிறது. நாள்தோறும் ஒரு வேளை உயர்ந்து தணியும் காய்ச்சலும், காய்ச்சலோடு தோன்றி அதனோடு மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பும், நெறிக்கட்டும் கொண்டு உடல் முழுவதையும் தாக்குவது பிறிதொன்று. இவ்விறுதி வகையில் மூட்டு வீக்கம் காய்ச்சலுக்குப் பல வாரங்கள் பின்னரும் வரலாம். மருத்துவர் முன் செல்லும்போது தடிப்பு மறைந்துவிடுமாதலின், அது தோன்றிய வேளையிலேயே கைப்பேசியில் படம் எடுத்து வைத்தல் பெரிதும் உதவும்.

நோயைப் பெயரிடுவதற்கு முன் மருத்துவர் பலவற்றை விலக்கியாக வேண்டும். காசநோய் ஒரு மூட்டில் மட்டும் தங்கி இவ்வாறே வீங்கச் செய்யும். சிக்குன்குன்யாக் காய்ச்சல் தணிந்தபின்னும் மூட்டுவலி நீடிக்கும். தொண்டைத் தொற்றின் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டை விட்டு மற்றொரு மூட்டுக்குத் தாவும். அது இதயத்தைத் தாக்குமாதலின் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தேவைப்படும். இரத்தப் புற்றுநோய் சில வேளைகளில் எலும்பு வலியாகவே தொடங்கும். இரவில் குழந்தையை எழுப்பும் வலி, வெளிறிய முகம், எடைக் குறைவு ஆகியவை அதனை ஐயுறச் செய்யும். அவ்வையம் தீருமுன் ஸ்டீராய்டு கொடுத்தால் உண்மை நோய் மறைந்து நிற்கும். நீலகிரிக்கு உரிய மற்றொரு செய்தியும் உண்டு. இந்தியாவில் அரிவாள் உயிரணு இயல்பு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இம்மலை மக்களிடத்தில்தான்; லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். அந்நோயுள்ள பழங்குடிக் குழந்தையின் கை கால் வீக்கமும் மூட்டழற்சி போலவே தோன்றும். கூடலூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை அந்நோயாளிகளுக்குப் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. ஆகவே ஒரே வீக்கத்திற்கு ஐந்தாறு காரணங்கள் இருத்தல் கூடும். அதனைப் பிரித்தறிதல் அக்கம்பக்கத்தாரின் கருத்தாலோ கடைக்காரர் தரும் மாத்திரையாலோ ஆவதன்று.

ஒரே ஓர் இரத்தச் சோதனையால் இந்நோய் உறுதியாவதில்லை என்பதையும் பெற்றோர் அறிதல் வேண்டும். பெரியோரின் முடக்குவாதத்தில் தேடப்படும் ருமட்டாய்டு காரணி, நோயுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் இராது. எனவே, சோதனைத் தாளில் இல்லை என்று வந்தமையால் நோய் இல்லை என்று முடிவு கட்டுதல் பிழை. மருத்துவரின் கையும் கண்ணும் மூட்டைத் தொட்டுப் பார்த்து அறிவதே முதன்மை. இரத்தச் சோதனை அதற்குத் துணை.

இனி, இந்நோயின் மிகக் கொடிய பகுதி மூட்டில் இல்லை, கண்ணில் இருக்கிறது. சில மூட்டுகளில் மட்டும் நோய் தொடங்கிய சிறு குழந்தைகளுக்கு, குறிப்பாக ஏ.என்.ஏ. என்னும் இரத்தச் சோதனையில் உண்டு என வந்தவர்களுக்கு, கண்ணின் உட்படலத்தில் அழற்சி தோன்றலாம். கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, குழந்தை முறையிடுவதும் இல்லை. கண்டறியாது விட்டால் கண்புரையும் கண்ணழுத்தமும் உண்டாகிப் பார்வை குன்றும். முழங்கால் வீக்கம் முற்றிலும் தணிந்துவிட்ட பின்னரும் கண்ணழற்சி தொடங்கலாம். இதற்குக் காப்பு ஒன்றே: ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் கண் மருத்துவர் செய்யும் சோதனை. இடர் மிகுந்த குழந்தைகளுக்கு அது மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பல ஆண்டுகள் செய்யப்படுதல் வேண்டும். பள்ளியில் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்யும் பார்வைச் சோதனை இதற்கு ஈடாகாது.

மசினகுடித் தாயின் உள்ளத்தை இவ்விடத்தில்தான் உணர்தல் வேண்டும். மகள் ஓடுகிறாள், ஆடுகிறாள், கண் தெளிவாக இருக்கிறது. ஆயினும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு நாட்கூலியை இழந்து, மலையேறி உதகைக்கோ, அங்கிருந்து இறங்கிக் கோயம்புத்தூருக்கோ செல்ல வேண்டும். நன்றாக இருக்கும் குழந்தையை எதற்கு அலைக்கழிக்கிறாய் என்று மூத்தோர் கேட்பர். அக்கேள்விக்கு விடை சொல்லும் துணிவே பல நேரங்களில் குழந்தையின் பார்வையைக் காக்கிறது. உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மலை மக்களின் பயணத்தை ஓரளவு குறைத்துள்ளது. மேல் சிகிச்சைக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. கண்ணுக்குக் கோயம்புத்தூரில் அரவிந்த் கண் மருத்துவமனை உண்டு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தம் குழந்தைக்குத் தேவைப்படும் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

சிகிச்சையின் வரலாறு நம்பிக்கை தருவது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆஸ்பிரினும் ஸ்டீராய்டும் ஓய்வுமே பெரும்பாலும் கிடைத்தன. பல குழந்தைகள் மூட்டு இறுகிச் சக்கர நாற்காலியில் அமர்ந்தனர். இன்று மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து சிகிச்சையின் அச்சாணியாக நிற்கிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவும் சோவியத் நாடும் இணைந்து 127 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளியாகி, வாரம் ஒருமுறை சிற்றளவில் தரப்படும் அம்மருந்தின் பயனை நிலைநாட்டியது. அம்மருந்தின் வேரைத் தேடினால் அது சென்னையோடு தொடர்புடையது. பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லி ஆய்வகத்திலேயே இவ்வகை மருந்துகள் உருவாயின. மெத்தோட்ரெக்சேட்டின் பக்க விளைவைத் தணிக்கக் குழந்தைக்குத் தரப்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியதும் அவர் தலைமையிலான அதே குழுவே. மலையூர்த் தாய் ஒருத்தி பிரித்துக் கொடுக்கும் இரு மாத்திரைகளும் ஒரே ஆய்வுக்கூடத்தின் கொடை என்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்மருந்தில் ஒரு பேரெச்சரிக்கை உண்டு. அது வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் என்று தவறாகக் கொண்டு கொடுத்தால் உயிருக்கே இடர் நேரும். எலும்பு மச்சை இரத்தம் ஆக்குவதை நிறுத்திவிடும். ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்து, நாட்காட்டியில் அக்கிழமைகளை வட்டமிட்டு, கொடுத்தவுடன் அடையாளம் இடுதல் வேண்டும். தாய், தந்தை, பாட்டி ஆகியோருள் ஒருவர் மட்டுமே அம்மருந்துக்குப் பொறுப்பேற்றல் வேண்டும். இருவர் கொடுத்தால் இருமுறை ஆகிவிடும். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் மருத்துவர் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். மருந்து நாளன்று காலையிலேயே குழந்தைக்குக் குமட்டல் வருதலும் உண்டு. மருந்தின் நினைவே வயிற்றைப் புரட்டும். அது நடிப்பு அன்று. அதனை மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றுவார். ஊசி வடிவமாகவும் தருவார்.

இம்மருந்துக்குப் பணியாத நோய்க்கு உயிரியல் மருந்துகள் வந்துள்ளன. எட்டனர்செப்ட் என்னும் மருந்து 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஒப்புதல் பெற்றது. அடாலிமுமாப் கண்ணழற்சிக்கும் பயன்படுகிறது. இவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று சோதித்தல் இந்நாட்டில் இன்றியமையாதது. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்ணும் குழந்தைக்கு அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருத்துவரைக் கேளாது போடுதல் கூடாது. வீட்டிலோ பள்ளியிலோ எவருக்கேனும் சின்னம்மை கண்டால் உடனே தெரிவித்தல் வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மூட்டுவலி நீக்கும் பொடி என்று பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருத்தல் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. அதனால் வலி மாயமாய் மறையும், குழந்தையின் வளர்ச்சியும் அதனோடு குன்றும்.

உடல் முழுவதும் பரவும் காய்ச்சல் வகை நோயுள்ள குழந்தைக்கு, விட்டு விட்டு வந்த காய்ச்சல் விடாக் காய்ச்சலாக மாறினாலோ, மயக்கமும் தளர்ச்சியும் தோன்றினாலோ, மூக்கிலோ பல் ஈறிலோ தோலின் கீழோ இரத்தம் கசிந்தாலோ, அன்றிரவே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. காட்டுச் சாலை சூழ்ந்த ஊரில் வாழ்வோர், இரவில் அழைக்க வேண்டிய 108 எண்ணையும், ஊர்தி வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் எண்ணையும், குழந்தை உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டி வைத்தல் அறிவுடைமை.

சமணக் குடும்பங்களுக்கே உரிய சில ஐயங்களும் இங்குத் தெளியத்தக்கன. இரவுண்ணா நோன்பு போற்றும் வீட்டில், உணவோடு தர வேண்டிய மருந்தை எவ்வாறு தருவது? மறைக்காது மருத்துவரிடம் சொல்லுதலே வழி. வார மருந்தைப் பகலில் உணவுக்குப் பின் கொடுக்கலாம். ஸ்டீராய்டு காலையில் தரப்படுதலே பொதுவாக விரும்பத்தக்கது. வலி மருந்தின் வேளைகளையும் வகையையும் பெரும்பாலும் மாற்றியமைக்க இயலும். மருந்துக் கூடுகள் பல விலங்குப் புரதத்தால் ஆனவை. அவற்றிற்கு ஈடாக மாத்திரையோ நீர்மமோ உண்டா என்று கேட்கலாம். உயிரியல் மருந்துகள் பல, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் விலங்கு உயிரணுக்களின் துணையால் ஆக்கப்படுகின்றன. இது சிலர் உள்ளத்தில் தயக்கம் எழுப்பலாம். அத்தயக்கத்தை மருத்துவரிடமும் அறம் கற்ற பெரியோரிடமும் வெளிப்படையாகப் பேசித் தெளிதல் வேண்டும். ஒருவருக்கும் சொல்லாது மருந்தை நிறுத்திவிடுதல் மட்டும் கூடாது. ஏனெனில் அம்முடிவின் விலையைக் கொடுப்பது அதனை எடுத்தவர் அல்லர், குழந்தை. உபவாச நாட்களிலும் நோயுற்ற குழந்தைக்கு விலக்கு அளித்தலே முறை. சுண்ணாம்புச் சத்து, டி வைட்டமின், பி12 ஆகியவை சைவ உணவில் குறைய வாய்ப்புண்டு. பாலும் தயிரும் கேழ்வரகும் பருப்பும் தாராளமாக இருக்கட்டும். குறைவு இருப்பின் மருத்துவர் தரும் சத்து மருந்து சேரட்டும். வாயு, குளிர்ச்சி என்று ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போனால், நோயைவிட மெலிவே குழந்தையை வாட்டும்.

இவற்றினும் கடினமான ஐயம் ஒன்று உண்டு. யார் செய்த வினையோ என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்ட தாய் மறப்பதில்லை. கருவுற்றிருந்தபோது எதை உண்டேன், எங்கு நடந்தேன் என்று அவள் இரவெல்லாம் தன்னையே வழக்கு மன்றத்தில் நிறுத்துவாள். குழந்தையும் ஒருநாள் கேட்கும்: “அம்மா, நான் என்ன தப்புச் செய்தேன்?” வினைக் கொள்கை ஒருவர் தம் எண்ணத்தையும் சொல்லையும் செயலையும் திருத்திக்கொள்வதற்காக அமைந்தது, பிறர் வீட்டுக் குழந்தையின் மேல் தீர்ப்பு எழுதுவதற்காக அன்று. துன்புறுவோரிடம் கடுஞ்சொல் கூறுதலும் ஓர் இம்சையே. “நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை, கண்ணே, உன் மூட்டுக்குள் ஒரு சண்டை நடக்கிறது, அதை நிறுத்தத்தான் இந்த மருந்து” என்று தாய் சொல்லும் விடையில் மருத்துவமும் இருக்கிறது, கருணையும் இருக்கிறது.

நாள்தோறும் செய்யத்தக்கவை சில. காலையில் வெந்நீர்க் குளியல் இறுகிய மூட்டை இளக்கும். அதற்காகக் குழந்தையை அரை மணி முன்னதாக எழுப்பி, போர்வைக்குள்ளேயே கை கால்களை மெல்ல அசைக்கச் செய்யலாம். இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சியை விளையாட்டாக்க வேண்டும். முழுமையான ஓய்வு மூட்டைக் காப்பதில்லை. தசையை மெலிவித்து மூட்டை மேலும் இறுகச் செய்யும். நீந்துதலும் மிதிவண்டி ஓட்டுதலும் நன்று. முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து உறங்க விடுதல், சுகமாகத் தோன்றினும், கால் மடங்கியபடியே இறுகிப் போகக் காரணமாகும். ஒரு குறிப்பேடு வைத்து, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எந்த மூட்டு வீங்கியது, காய்ச்சல் எந்த வேளையில் எவ்வளவு, எந்த மருந்து விடுபட்டது என்று எழுதி வந்தால், மூன்று மாதத்திற்கு ஒருமுறை கிடைக்கும் பத்து நிமிட மருத்துவச் சந்திப்பு முழுப் பயன் தரும்.

ஊசி போடும் நாளில் பொய் கூறலாகாது. வலிக்காது என்று சொல்லி ஏமாற்றப்பட்ட குழந்தை அடுத்த முறை எவரையும் நம்பாது. சிறிது வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உண்மை கூறி, வலத்தொடையா இடத்தொடையா என்று தேர்வதைக் குழந்தைக்கே விட்டுவிடுதல் நலம். தன் உடலின் மேல் தனக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை அச்சிறு தேர்வு உணர்த்தும்.

பள்ளியின் துணை பெரிது. நோய் கண்ணுக்குத் தெரியாதது. காலையில் நொண்டிய பிள்ளை மாலையில் ஓடுவதைக் கண்ட ஆசிரியர் ஐயுறுவது இயல்பு. மருத்துவரின் கடிதத்தோடு பெற்றோர் நேரில் சென்று விளக்கினால், வகுப்பில் இடையிடையே எழுந்து நடக்கவும், புத்தகச் சுமையைக் குறைக்கவும், எழுதுவதற்குக் கூடுதல் நேரம் பெறவும் வழி பிறக்கும். உடற்பயிற்சி வகுப்பிலிருந்து முற்றிலும் விலக்கி, மர நிழலில் தனியே அமர்த்திவிடுதல் கருணை ஆகாது. நிலையான குறைபாடு ஏற்பட்டிருப்பின் அரசு மருத்துவக் குழுவிடம் மாற்றுத்திறனாளிச் சான்று கோரலாம். அதனால் தேர்வுச் சலுகைகள் கிடைக்கும்.

பெற்றோரும் மனிதரே. நோய் தணிந்து ஓராண்டு சென்றபின் ஒரு காலையில் மீண்டும் முழங்கால் வீங்கும்; செய்த முயற்சியெல்லாம் வீண் என்று தோன்றும். அது வீண் அன்று. ஏறி இறங்குதல் இந்நோயின் இயல்பு. மருந்தால் நோய் அடங்கிப் பல ஆண்டுகள் மருந்தின்றியே நலமாக வாழ்வோரும் உளர். வளர்ந்தபின்னும் மருந்து தேவைப்படுவோரும் உளர். எவ்வகையாயினும், காலத்தில் தொடங்கிய சிகிச்சையால் படித்து, பணியாற்றி, மணம் புரிந்து வாழும் வாழ்வு இன்று பெரும்பாலோர்க்கு எட்டும் தொலைவில் உள்ளது. ஆனால் சுமை முழுவதும் தாய் ஒருத்தியின் தோளில் வீழ்தல் கூடாது. ஒரு முறை தாய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் மறுமுறை தந்தை செல்லட்டும். மருந்தின் பெயரும் அளவும் இருவர்க்கும் தெரிந்திருக்கட்டும். நோயில்லாத உடன்பிறப்புக்கும் வாரத்தில் ஒரு வேளை பெற்றோரின் முழுக் கவனம் கிடைக்கட்டும். அழ வேண்டும் என்று தோன்றினால் தாய் அழுதல் பொறுமைக்கு இழுக்கன்று. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் அவளுக்கும் மருத்துவ உதவி தேவை.

ஔஷத தானம் என்றால் மருந்துப் புட்டி வாங்கித் தருதல் மட்டும் அன்று. மலையூரிலிருந்து கண் சோதனைக்கு வரும் ஒரு குழந்தையின் ஓராண்டுப் பயணச் செலவை ஏற்றல் ஔஷத தானம். மருத்துவமனை உள்ள நகரில் வாழும் குடும்பம், முன்னாள் மாலையே வந்து சேரும் தாய்க்கும் மகளுக்கும் ஓர் இரவு தங்க இடமும் பொழுது சாயுமுன் உணவும் தருதல் ஆகார தானமும் அபய தானமும் ஆகும். இந்நோயைப் பற்றித் தெளிவாக அறிந்து மற்றொருவர்க்கு எடுத்துச் சொல்லுதல் சாஸ்திர தானத்தின் பாற்படும். விழா நாட்களில் நடத்தப்பெறும் மருத்துவ முகாம்களில் முதியோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதோடு, ஆறு வாரமாக நொண்டும் குழந்தை எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வியும் சேர்க்கப்படுமாயின், ஒரு மூட்டோ ஒரு கண்ணோ காக்கப்படும். அக்கேள்வியை இவ்வாண்டு முகாமிலேயே சேர்க்குமாறு பேரவை வேண்டப்படுகிறது.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் நலம் பெறுக!